நோயும் மருந்தும்: நம் கதைகள் சொல்லாத பாதி

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை மாணவர்க்கு நடத்தாத தமிழாசிரியர் எவரும் இரார். அவ்வதிகாரத்தின் பத்தாம் குறளுக்கு வரும்போது பெரும்பாலும் பாடவேளை முடியும் தறுவாயில் இருக்கும். மருத்துவம் என்பது பிணியாளன், மருத்துவன், மருந்து, அருகிருந்து அம்மருந்தை ஊட்டுவோன் என நான்கு கூறுடையது என்று விரைந்து சொல்லி, மனப்பாடம் செய்து வருமாறு பணித்துவிட்டு நாம் வகுப்பைவிட்டு வெளியேறிவிடுவோம். நானும் பல்லாண்டுகள் அவ்வாறே செய்தவன். பரிமேலழகரோ அந்நான்கு கூறுகளில் ஒவ்வொன்றையும் மீண்டும் நந்நான்காகப் பகுத்துக் காட்டுகிறார். பிணியாளனுக்கு வேண்டிய இயல்புகளுள் ஒன்றாக, மருந்தினால் வரும் துன்பத்தைப் பொறுத்தலை வைக்கிறார். ஊட்டுவோனுக்கு வேண்டியவற்றுள் முதலாவதாகப் பிணியாளனிடத்து அன்புடைமையைச் சொல்கிறார்.

நோயின் துன்பம் வேறு, மருந்தின் துன்பம் வேறு என்பதை ஓர் உரையாசிரியர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே கண்டிருந்தார். நம் காலத்துப் புனைகதையும் திரைக்கதையும் இவற்றுள் முன்னதை மட்டுமே பெரிதும் எழுதின; பின்னதை ஏறத்தாழ எழுதாமலே விட்டன. மருத்துவம் நம் கண்முன்னே, அதிலும் நாம் வாழும் இந்நகரத்திலேயே, வியத்தகு வளர்ச்சி கண்ட காலத்தில் இது நிகழ்ந்தது. இதனால் விளைந்த இழப்பு இலக்கியத்துக்கு மட்டும் உரியதன்று என்று நான் கருதுகிறேன். அதனைக் காட்ட ஒரே ஒரு நோயை, காசநோயை, முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன்.

அதனை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. நான் தொடக்கப்பள்ளியில் பயின்றபோது எங்கள் வீட்டில் ஒரு குவளை தனியாக இருந்தது. எவர்சில்வர்க் குவளை, அடியில் ஆணியால் ஒரு புள்ளி குத்தியிருக்கும். அது என் சிற்றப்பாவுக்கு உரியது. அவர் பஃப்பலோ சாலையில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நாள் காலையிலும் கடை திறக்குமுன் சிராங்கூன் சாலை வழியே நடந்து மூல்மேன் சாலைக்குச் செல்வார். அங்கே தாதியர் கண்ணெதிரே மாத்திரைகளை விழுங்கிவிட்டு வேலைக்குத் திரும்புவார். அண்டை வீட்டாரிடம் அவருக்கு ‘ஆஸ்துமா’ என்று சொல்லப்பட்டது. வீட்டுக்குள்ளேயோ நோயின் பெயரை எவரும் உச்சரித்ததில்லை. “சித்தப்பா மடியில உக்காராதே” என்று பாட்டி சொல்வார். காரணம் கேட்டால் அடி விழும். அரையாண்டில் அவர் குணமடைந்தார். பின்னர் முப்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, முதுமையினால் மறைந்தார். குணமடைந்த பின்னும் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தப் புள்ளி வைத்த குவளையைத் தாமே தேடி எடுத்துக்கொள்வார். எவரும் அவரைத் தடுத்ததில்லை. வளர்ந்து ஆசிரியனான பிறகும் நானும் தடுத்ததில்லை.

அக்குவளைக்கு எந்த மருத்துவ நியாயமும் இல்லை என்பது, அதற்கு இருபதாண்டுகளுக்கு முன்னரே மெய்ப்பிக்கப்பட்டிருந்தது. அதுவும் தமிழ் பேசும் மக்களிடையே, சென்னையில் மெய்ப்பிக்கப்பட்டது. அவ்வரலாற்றைத் தமிழாசிரியர்கள் அறிந்திருப்பது நன்று. ஆதலின் சற்று விரித்துச் சொல்கிறேன்.

காசநோய்க்கு நம் மொழியில் சயரோகம், என்புருக்கி என்னும் பெயர்களும் உள. என்பை உருக்குவது என்னும் பெயரே, மருந்தற்ற காலத்து மக்கள் அதனை எவ்வாறு கண்டனர் என்பதைச் சொல்லிவிடும். ஓய்வும் நல்லுணவும் தூய காற்றுமே அன்றைய மருத்துவம். இதற்காகவே மலைகளிலும் காடுகளிலும் ஆரோக்கிய நிலையங்கள் எழுந்தன. சென்னைக்கு அருகே டாக்டர் சௌரிமுத்து 1928 இல் நிறுவிய நிலையத்தின் நினைவாக, இன்றும் அங்குள்ள தொடர்வண்டி நிலையம் தாம்பரம் சானடோரியம் என்றே வழங்குகிறது. காற்றும் ஓய்வும் சிலருக்கு உதவின. பலரைக் காக்க அவற்றால் இயலவில்லை.

1943 இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு அதனை முறையாகச் சோதித்தது. 107 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். 55 பேருக்கு ஓய்வுடன் இப்புதிய மருந்தும், 52 பேருக்கு ஓய்வு மட்டும் அளிக்கப்பட்டன. ஆறு மாத முடிவில் முதற்பிரிவில் 4 பேர் இறந்திருந்தனர். இரண்டாம் பிரிவில் 14 பேர். இம்முடிவு 1948 அக்டோபரில் வெளிவந்தது.

அதே 1948 இன் நடுப்பகுதியில்தான், அம்முடிவு அச்சேறுவதற்குச் சில மாதங்களுக்கு முன், புதுமைப்பித்தன் திருவனந்தபுரத்தில் காசநோயால் மறைந்தார். அவருக்கு நாற்பத்திரண்டு வயது. மருந்து அவரை எட்டியிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் கூற வரவில்லை. தனியொரு மருந்தாகத் தரப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசினை நோய்க்கிருமிகள் விரைவிலேயே எதிர்க்கக் கற்றுக்கொண்டன. மருந்துகளை இணைத்துக் கொடுக்க வேண்டும் என்பது அதன் பின்னரே தெளிவாயிற்று. ஆயினும், தமிழ்ச் சிறுகதையின் தலைமகன் ஒருவரை இழந்த ஆண்டும், அவரைக் கொன்ற நோய்க்கு மருந்துண்டு என்று உலகம் உறுதியாக அறிந்த ஆண்டும் ஒன்றே என்பதை இலக்கிய வரலாறு கற்பிக்கும் நாம் மாணவர்க்குச் சொல்வதில்லை.

புதுமைப்பித்தனைப் பற்றி இன்னொன்றும் இங்கே சொல்லவேண்டும். வள்ளுவர் கூறிய நான்காம் கூறினை, அருகிருந்து ஊட்டுவோனை, உள்ளபடி எழுதிக் காட்டிய தமிழ்க் கதை எது என்று கேட்டால், நான் தயங்காமல் அவருடைய ‘செல்லம்மாள்’ கதையைக் காட்டுவேன். ஒரு துணிக்கடையில் சொற்ப ஊதியத்துக்கு உழைக்கும் பிரமநாயகம் பிள்ளை, நெடுநாளாக நோயுற்ற மனைவியைத் தனியராகப் பேணுகிறார். வேலைக்குப் போகிறார்; வருகிறார்; அடுப்பு மூட்டுகிறார்; மருந்து தருகிறார்; மருத்துவரை அழைத்து வருகிறார். மருத்துவம் அங்கே ஒரு குடும்பத்தின் அன்றாட வேலையாக இருக்கிறது. அவருடைய அன்பு பேச்சில் வெளிப்படாமல், செய்யும் பணியில் வெளிப்படுகிறது. மனைவி இறந்தபோது அவர் உள்ளத்தில் எழுவது துயரம் மட்டுமன்று. ஒரு விடுதலையுணர்வும் அதனோடு கலந்திருக்கிறது. அதனையும் மறைக்காமல் ஆசிரியர் எழுதியதனால்தான் அக்கதை பொய்யாகவில்லை. இத்துணைக்கும் அக்கதையில் குணம் இல்லை. அன்றைய ஏழைக் குடும்பத்துக்கு அது எளிதில் எட்டுவதாகவும் இல்லை. ஆகவே அதில் நேரும் சாவு கதைக்கு உரிய சாவு.

குணம் எட்டத் தொடங்கிய பிறகு எழுதியவர்கள் பெரும்பாலும் இவ்வழியைத் தொடரவில்லை என்பதே என் குறை.

1956 இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து சென்னைச் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் மருத்துவ ஆய்வு மையத்தைத் தொடங்கின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதனை முன்னின்று நடத்தினார். கேட்கப்பட்ட வினா மிக எளியது. ஏழை நோயாளி ஒருவர், நெருக்கடி மிகுந்த தம் வீட்டில், தாம் உண்ணும் எளிய உணவையே உண்டு, மருந்தை மட்டும் ஒழுங்காக உட்கொண்டால் என்ன ஆகும்? ஆரோக்கிய நிலையத்தில் படுக்கையும் நல்லுணவும் தாதியர் கவனிப்பும் பெறும் நோயாளியைவிட அவர் பின்தங்குவாரா? இருநூறுக்குச் சற்றுக் குறைவான நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஓராண்டு முழுதும் இருசாராருக்கும் ஐசோனியாசிடும் பாஸ் எனப்படும் மருந்தும் தரப்பட்டன. 1959 இல் வெளியான முடிவு உலகையே வியக்கவைத்தது. குணமடைந்தோர் அளவு இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. அதனினும் வியப்பு, வீட்டிலேயே சிகிச்சை பெற்றோரின் குடும்பத்தார்க்கு அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை. மருந்து உள்ளே சென்ற சில வாரங்களிலேயே நோயாளியின் பரப்பும் ஆற்றல் மிகவும் குன்றிவிடுகிறது. ஆரோக்கிய நிலையங்களின் காலம் உலகெங்கும் முடிவுக்கு வரத் தொடங்கியது இந்த ஆய்வின் பிறகுதான்.

எண்ணிப் பாருங்கள். மலைக்காற்று வேண்டா, தனிக்குவளை வேண்டா, நாள்தோறும் மருந்து போதும் என்ற உண்மையைச் சென்னையின் எளிய மக்கள் தங்கள் உடலால் உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டினர். அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 1961 இல், அதே சென்னையிலிருந்து ‘பாலும் பழமும்’ என்னும் திரைப்படம் வெளிவருகிறது. நான் அப்படத்தை இகழ்பவன் அல்லேன். பீம்சிங்கின் நெறியாள்கையும் நடிகர்களின் திறமும் இன்றும் நெஞ்சைத் தொடுவன. நாயகன் புற்றுநோய்க்கு மருந்து தேடும் மருத்துவன், மனைவி தாதி. அவளுக்குக் காசநோய் காண்கிறது. தன்னைப் பேணுவதில் கணவனின் ஆய்வு கெடுகிறதே என்று அவள் வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். பிறகு சுவிட்சர்லாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்டுக் குணமடைந்து திரும்புகிறாள்.

நாயகி இறக்கவில்லை, பிழைக்கிறாள் என்பதற்காகவே இப்படத்தைப் பாராட்டலாம். ஆனால் குணம் எங்கே நிகழ்ந்தது? திரைக்கு வெளியே, கடலுக்கு அப்பால், நாம் காணாத பனிமலை நாட்டில். சேத்துப்பட்டில் வரிசையில் நின்று மாத்திரை வாங்கிய பெண்களுள் எத்தனைபேர் அப்படத்தைப் பார்த்திருப்பர்! தங்கள் கைப்பையில் இருந்த மருந்துக்கும் திரையில் கண்ட நோய்க்கும் தொடர்புண்டு என்று அவர்களுக்குத் தோன்றியிருக்குமா? மருத்துவனும் தாதியுமே நாயகன் நாயகியாக அமைந்த ஒரு கதை, மருந்தூட்டும் காட்சிகளைத் தன் நடுவில் நிறுத்தக் கிடைத்த அரிய வாய்ப்பைத் தியாகத்துக்காக விட்டுக்கொடுத்தது.

இவ்விடத்தில் ‘ரத்தக்கண்ணீ’ரையும் நோக்கவேண்டும். 1954 இல் வெளிவந்த அப்படத்தில் எம். ஆர். ராதாவின் குரலும் நையாண்டியும் மூடப் பழக்கங்களைச் சாடிய வேகம் நாம் அறிந்ததே. கைம்பெண் மறுமணம் வரை துணிந்து பேசிய அந்தக் கதை, தொழுநோய் என்று வந்தவுடன் மிகப் பழைய நம்பிக்கை ஒன்றில் சாய்ந்துவிடுகிறது. நெறிகெட்டு வாழ்ந்தவனுக்கு நோய் தண்டனையாக வருகிறது. அவனுடைய சிதைந்த உருவம் ஊருக்குப் பாடமாகிறது. தொழுநோய்க் கிருமியை ஹான்சன் 1873 இலேயே கண்டுவிட்டார். டாப்சோன் மருந்தும் 1940களிலேயே பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. படம் வெளிவந்த காலத்தில் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்டு தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண்களை மாற்றிப் பொருத்தி, அவர்கள் மீண்டும் கையால் உணவெடுத்து உண்ணச் செய்துகொண்டிருந்தார். விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. வலியுணர்வு அற்றுப்போவதால், சுட்டாலும் வெட்டுப்பட்டாலும் அறியாமல் நோயாளியே அவற்றை இழக்கிறார் என்று அவர் காட்டினார். வலி இல்லாமையே துன்பம் என்பது ஒரு பெருங்கதைக்குப் போதிய பொருள் அன்றோ? 1954 இலேயே ஒரு சாலை விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், பின்னர்ச் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். சென்னைக்கு மிக அருகில் நடந்த இவையெல்லாம் நம் கதைக்காரர்களின் கண்ணில் படவில்லை. பகுத்தறிவு பேசிய ஒரு படம் ஒரு நோயை மட்டும் பகுத்தறிவுக்கு வெளியே விட்டதனால், அந்நோயுற்றோர் எத்தனை தலைமுறை ஒளிந்து வாழ நேர்ந்தது என்பதை அளக்க முடியாது.

நல்ல விதிவிலக்கு இல்லாமல் இல்லை. ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) முழுவதும் மருத்துவமனையிலேயே நிகழ்கிறது. அறுவைக்கு முந்தைய நாள்களின் காத்திருப்பை, அந்தச் சுவர்களுக்கிடையே மனிதர் பேசும் மெல்லிய பேச்சை, அது பொறுமையாகக் காட்டுகிறது. ஆயினும் முடிவில் நோயாளி பிழைக்க, மருத்துவன் உயிர் துறக்கிறான். பாலச்சந்தரின் ‘நீர்க்குமிழி’யிலும் (1965) மருத்துவமனையே களம், சிரிக்கவைத்தவனே மாள்கிறான். ஓர் உயிர் மீண்டால் இன்னோர் உயிரை விலையாகக் கேட்கும் பழைய பலிக்கணக்கு நம் கதைமனத்தில் அழுத்தமாகப் படிந்திருக்கிறது. மருந்தால், வெறும் மருந்தால், எவரும் சாகாமல் ஒருவர் பிழைத்தார் என்றால் நமக்குக் கதை முடிந்ததாகவே தோன்றுவதில்லை.

இலக்கியம் சுகாதாரத் துண்டறிக்கையாக வேண்டுமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். வேண்டா. துண்டறிக்கைத் தமிழை நாள்தோறும் திருத்தி அலுத்தவன் நான். ஆனால் சிகிச்சை கலைக்கு ஒவ்வாத பொருள் என்பதை நான் ஏற்கமாட்டேன். சுவிட்சர்லாந்தின் தாவோஸ் நகரத்து ஆரோக்கிய நிலையம் ஒன்றை மட்டுமே களமாகக் கொண்டு தாமஸ் மன் 1924 இல் ‘மாயமலை’ எனும் பெருநாவலை வெளியிட்டார். வெப்பமானி, படுக்கை, போர்வை, ஐந்து வேளை உணவு, எக்ஸ்ரே படம் இவைதாம் அதன் நிகழ்ச்சிகள். காலம் எவ்வாறு கரைகிறது என்பதே அதன் கதை. நம் நாயகியும் அதே சுவிட்சர்லாந்துக்குத்தான் போனாள். அங்கே அவள் என்ன செய்தாள், என்ன எண்ணினாள் என்பதை நாம் அறியோம்.

இனி நம் நகரத்துக்கு வருவோம். டான் டோக் செங் மருத்துவமனைக்கு 1844 இல் பேர்ல்ஸ் ஹில்லில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1860களில் அது சிராங்கூன் சாலையும் பாலஸ்டியர் சாலையும் சந்திக்கும் பகுதிக்கு வந்து, 1909 இல் மூல்மேன் சாலைக்குப் பெயர்ந்தது. தேக்காவிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவு. போருக்குப் பின் காசநோய் இத்தீவின் பெருங்கொல்லியாக இருந்தது. 1947 இல் காசநோய் எதிர்ப்புச் சங்கம் தோன்றிற்று. 1957 முதல் பிறந்த குழந்தைகளுக்கு பி.சி.ஜி. ஊசி போடப்பட்டது. என் வயதினர் தோளில் உள்ள தழும்பு அதன் கையொப்பம். பள்ளியில் மறுமுறை போடும் வழக்கம் 2001 வரை இருந்தது. அவ்வரிசையில் அழுத மாணவர்களைத் தேற்றியது என் முதலாண்டுகளின் பணிகளுள் ஒன்று.

பெரும்பாலோர் அறியாத செய்தி ஒன்றுண்டு. சென்னை ஆய்வு நோயாளியை வீட்டுக்கு அனுப்பிற்று. மருந்துண்ணும் காலத்தை அது குறைக்கவில்லை. ஓராண்டு, ஒன்றரை ஆண்டு என்று மருந்துண்ண வேண்டியிருந்தது. சில மாதங்களில் இருமல் நின்றுவிடும், உடல் தேறிவிடும்; நோயாளி மருந்தை நிறுத்திவிடுவார்; நோய் முன்னிலும் வலிமையோடு திரும்பும். ரிஃபாம்பிசின் வந்த பிறகு, காலத்தை எவ்வளவு குறைக்கலாம் என்ற வினா எழுந்தது. 1970களில் சிங்கப்பூர்க் காசநோய்ச் சேவையும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சேர்ந்து ஆறு மாதச் சிகிச்சையையும் நான்கு மாதச் சிகிச்சையையும் இங்கே சோதித்தன. நான்கு மாதத்தில் சிலருக்கு நோய் திரும்பிற்று. ஆறு மாதத்தில் ஏறத்தாழ எவருக்கும் திரும்பவில்லை. 1979 இல் வெளிவந்த இம்முடிவும், ஆப்பிரிக்காவிலும் ஹாங்காங்கிலும் நடந்த இதுபோன்ற ஆய்வுகளுமே, உலகமெங்கும் ஆறு மாதச் சிகிச்சை நிலைபெறக் காரணமாயின. என் சிற்றப்பா அரையாண்டில் மீண்டதன் பின்னணி இதுதான். இதனை நான் அறிந்தது என் ஐம்பதாம் வயதை ஒட்டி. அவர் அறியாமலே போய்ச்சேர்ந்தார்.

நம் சிங்கப்பூர்த் தமிழ்க் கதைகளில் கப்பல் உண்டு. துறைமுகத் தொழிலாளர் உண்டு. கம்பத்தை இழந்து அடுக்குமாடிக்கு வந்த ஏக்கம் உண்டு. ஆறு மாதம், நாள் தவறாமல், வேலைக்கு முன் ஒரு தாதியின் கண்ணெதிரே மாத்திரை விழுங்கிய மனிதனின் கதையை நான் தேடிக் காணவில்லை. அத்தாதியும் நானறிந்த கதைகளில் இல்லை. சிற்றப்பா சொல்லித்தான் அவரைப் பற்றி ஓரளவு அறிவேன். சீனப் பெண்மணி; “சாப்பிட்டாச்சா?” என்ற ஒரே தமிழ்த் தொடரை மட்டும் கற்றுக்கொண்டு, நாள்தோறும் அதையே கேட்பாராம். மாத்திரையைக் கேட்டாரா, காலை உணவைக் கேட்டாரா என்பது சிற்றப்பாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. பரிமேலழகர் சொன்ன அன்புடைமை அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எழுதப்படாததால் என்ன கெட்டது என்று கேட்பவர்க்கு ஒரு செய்தி. 2016 இல் அங் மோ கியோவின் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத வகைக் காசநோய் ஆறு பேருக்குக் கண்டறியப்பட்டிருந்ததைச் சுகாதார அமைச்சு அறிவித்தது. குடியிருப்பாளர்க்கு இலவசப் பரிசோதனை நடத்தப்பட்டது. அந்நாள்களில் ஆசிரியர் ஓய்வறையிலும் பெற்றோர் கூடும் இடங்களிலும் நான் கேட்ட பேச்சு என்னை என் பாட்டியின் அடுக்களைக்கே கொண்டுபோயிற்று. மின்தூக்கிப் பொத்தானைத் தொடலாமா, அவர்கள் பிள்ளைகளோடு நம் பிள்ளைகள் உண்ணலாமா என்ற வினாக்கள். கற்றவர்கள் கேட்டவை. காசநோயைப் பற்றி அவர்கள் அறிந்ததெல்லாம் கைக்குட்டையில் படிந்த குருதியும், அதைக் கண்டு நாயகன் எழுப்பும் அலறலுமே.

மருத்துவமோ நிற்கவில்லை. எளிதில் கட்டுப்படாத அவ்வகைக்கு முன்னர் ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக மருந்துண்ண வேண்டும். மாதக்கணக்கில் போட்ட ஊசியால் செவிப்புலன் இழந்தோரும் உண்டு. 2012 இல் ஒப்புதல் பெற்ற பெடாகுலின் முதலிய புதிய மருந்துகளால், ஊசியே இன்றி ஆறு மாத மாத்திரைச் சிகிச்சையை 2022 இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. எளிய வகைக்கு நான்கு மாதச் சிகிச்சை ஒன்று 2021 இல் பயன் தந்தது. 2023 இல், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர் தலைமையில் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு ஒன்று, தேர்ந்தெடுத்த மருந்துகளை இரண்டு மாதம் தந்து, பின்னர் நோய் திரும்புகிறதா என்று விழிப்போடு கண்காணித்து, திரும்பியவர்க்கு மட்டும் சிகிச்சையைத் தொடரும் வழி பலிக்கலாம் என்று காட்டிற்று. 1921 இல் முதன்முதல் மனிதருக்குத் தரப்பட்ட பி.சி.ஜி.க்குத் துணையாக, வளர்ந்தோரைக் காக்கும் புதிய தடுப்பூசி ஒன்றின் பெருஞ்சோதனையும் 2024 இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிற்று. புற்றுநோயிலும், நோயாளியின் சொந்த வெள்ளணுக்களையே எடுத்து, ஆய்வகத்தில் மாற்றியமைத்து, மீண்டும் அவர் உடலிலேயே செலுத்தும் மருத்துவம் வந்துவிட்டது.

மருந்துக் காலம் எத்துணைச் சுருங்கினும், ஒருவர் தம் நோயை வாய்விட்டுச் சொல்லத் துணியும் முதல் நாள் மருத்துவத்துக்கு வேண்டும். அந்நாளை எந்த மாத்திரையும் தராது. இரண்டு மாதச் சிகிச்சையும் கண்காணிப்பும் என்றால், குணமடைந்தவர் மீண்டும் ஒருமுறை இருமும்போது அஞ்சாமல் திரும்பி வரவேண்டும். ‘நோய்நிலை உணர்த்தல்’ என்று பரிமேலழகர் பிணியாளனுக்கு வகுத்த இயல்பு இதுவே. வாய்விட்டுச் சொன்ன ஒருவரை ஒரு கதையிலேனும் கண்டிராதவர், எந்தச் சொல்லை எடுத்துத் தொடங்குவார்?

எழுத்தாளர்களைக் குறைகூறி நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. ஆண்டுதோறும் மாணவர் எழுதும் கதைக் கட்டுரைகளில் தாய்மார் இறக்கிறார்கள். புற்றுநோயாலோ, பெயரில்லாத ஒரு நோயாலோ, பெரும்பாலும் மழைநாளில், மகன் தேர்வில் வென்ற செய்தியோடு ஓடிவரும் வேளையில் இறக்கிறார்கள். அத்தகைய இறப்புகளுக்கு நாம்தான் மதிப்பெண் கொடுத்து வளர்த்தோம். உணர்ச்சி உண்டு, திருப்பம் உண்டு, தொடர்கள் மனப்பாடம் செய்தவையாயினும் பிழையற்றவை. நாம் வேறென்ன கேட்டோம்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி வேறுவிதமாக எழுதியிருந்தாள். அவள் கதையிலும் தாய்க்குப் புற்றுநோய். ஆனால் தாய் இறக்கவில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருத்துவமனையில் எண்சீட்டு எடுத்துக்கொண்டு அமர்ந்திருப்பது, மருந்து ஏறிய மறுநாள் தாய்க்கு எல்லா உணவும் இரும்புபோல் சுவைப்பது, அக்காள் யாருக்கும் தெரியாமல் சாம்பாரில் உப்பைக் கூட்டிவிடுவது, அதனால் தந்தையின் முகம் கோணுவது என்று இவையே அதன் நிகழ்ச்சிகள். சமையலறை நாட்காட்டியில் ஆறு கட்டங்கள் வரைந்து, ஒவ்வொரு முறைக்கும் ஒரு கட்டத்தை அடிப்பார்கள். நான்காம் கட்டத்தோடு கட்டுரை முடிந்துவிட்டது. “மொழி நன்று. கதையில் திருப்பம் இல்லை; முடிவும் இல்லை” என்று சிவப்பு மையால் எழுதி, மழையில் தாயை இழந்த மாணவனுக்குக் கொடுத்ததைவிட ஐந்து மதிப்பெண் குறைத்துக் கொடுத்தேன்.

அவ்வாண்டின் பெற்றோர் சந்திப்புக்கு அம்மாணவியின் தாயார் வந்திருந்தார். முடி அப்போதுதான் வளரத் தொடங்கியிருந்தது. மகளின் பாடங்களைப் பற்றியெல்லாம் பேசிவிட்டு, எழும்போது, “சார், அந்தக் கட்டுரை… நடந்ததத்தான் எழுதியிருந்தா. அப்ப நாலுதான் முடிஞ்சிருந்துச்சு” என்றார். குறைகூறும் தொனி அதில் இல்லை; எனக்குத் தெரியாத ஒரு விவரத்தைத் தெரிவிக்கும் குரலில்தான் சொன்னார்.

அப்பயிற்சி ஏட்டை மறுநாள் கேட்டு வாங்கிக்கொண்டேன். இக்கட்டுரையை எழுதும் இவ்வேளையில் அது என் மேசைமேல் இருக்கிறது. நான் எழுதிய சிவப்பு வரிக்குக் கீழே, வேறு மையில், அம்மாணவி பின்னர் எப்போதோ இரண்டு சிறு கட்டங்களை வரைந்து, இரண்டையும் அடித்திருக்கிறாள்.